1990இல் பிறந்த ஏழாம் ஆண்டு மாணவன்

பேஸ்புக் சொல்வதை நம்பினால், வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏழாம் ஆண்டு படிக்கிற பையன்கள் பலரும் 1990 ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். வகுப்பு டீச்சரைவிட மூத்தவர்கள். சிலருக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. ஒருவர் கொழும்பில் ஒரு வங்கிக்கு முகாமையாளர். பின்னேரத்தில் மட்டும் கணக்குப் பாடத்துக்கு டியூஷன் போய் வருகிறார்.

ஏன் 1990? பிறந்த ஆண்டைக் கேட்கும் இடத்தில் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் எண்கள் ஓடி ஓய்ந்து நிற்பது அங்கேதான் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்பது கம்பெனிகளின் விதி. இந்த 13ஐ எந்த மனநல மருத்துவரும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்று 1998இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் சம்மதம் கேட்டு அலைவானேன் என்று கம்பெனிகள் வாசலில் ஒரு கேள்வியை மாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. பதிலைச் சரிபார்க்க வாசலில் ஆளில்லை.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அப்பாயி சொல்வார். இன்ஸ்டாகிராம் கண்ணைக் குத்துவதில்லை. அதைவிட மோசமான காரியம் ஒன்றைச் செய்கிறது: நம்பிவிடுகிறது. 2024 செப்டெம்பரில் அந்தக் கம்பெனி பதின்வயதினருக்கென்று தனிக் கணக்குமுறை ஒன்றை அறிவித்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும். முன்பின் தெரியாத ஆள் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் அறிவிப்புகள் வாய் திறக்காது. 16 வயதுக்குக் குறைந்தவர் இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அத்தனையும் பதின்வயதினருக்கு. நம்முடைய வங்கி முகாமையாளருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டதே! அவருக்கு எதற்குப் பாதுகாப்பு? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒருவர் ‘ஹாய்’ சொன்னால் அது இரண்டு பெரிய மனிதர்களின் சொந்த விஷயம்.

கணக்கைத் திறந்து கொடுத்தது யார் என்று விசாரித்தால் வழக்கு பெரியவர்கள் பக்கமாகவே போகும். கொழும்பில் கடையில் நிற்கும் சித்தப்பா தீபாவளிக்கு வந்தபோது திறந்து கொடுத்திருப்பார். இல்லையென்றால் ஹட்டனில் கொமினிகேஷன் கடை அண்ணன், போன் விற்ற சந்தோஷத்தில், கையோடு இலவசமாகச் செய்து கொடுத்திருப்பார். “வயசு கேட்டா என்னண்ணே போடுறது?” “எதையாவது போடு தம்பி, பஸ் போயிரும்.” பிள்ளையின் டிஜிட்டல் வாழ்க்கை கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஆரம்பமாகிறது.

வீட்டுப் போனுக்குப் பூட்டு இல்லாமல் இல்லை. கொழுந்து பறிக்கிற அம்மாவின் விரல்நுனிகள் வெடித்து, கறை ஏறி, ரேகை தேய்ந்து இருக்கும். போன் அந்த விரலைப் பார்த்து ‘மீண்டும் முயலவும்’ என்கிறது. மீண்டும் முயன்றால் மீண்டும் அதையே சொல்கிறது. கடைசியில் மகனுடைய விரலைப் பதிவு செய்கிறார்கள். சீட்டுப் பிடித்துப் போன் வாங்கியவர் அம்மா. அவருக்கு அது திறக்காது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தொட்டவுடன் திறக்கும். அப்பா இதைச் சகிக்காமல் புள்ளிகளை இணைக்கும் கோட்டுப் பூட்டைப் போட்டு வைப்பார். மலையிலிருந்து வந்த கையோடு அம்மா அந்தக் கோட்டை இழுத்துப் பார்ப்பார். போனை விளக்குக்கு நேரே கொஞ்சம் சரித்தால் கண்ணாடியில் கொழுந்துக் கறை, மேலிருந்து கீழே வந்து வலப்பக்கம் திரும்புகிற கோடாக, அச்சடித்தது போலத் தெரியும். பையனுக்கு அதற்கு மேல் என்ன உதவி வேண்டும்?

இந்தப் போன் வீட்டுக்குள் வந்த வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது 2021 மார்ச்சில். அதற்கு ஒரு வருடம் முந்தியே கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டு வட்ஸ்அப்புக்குள் குடிபோயிருந்தது. பாடம் போனில், வீட்டுவேலை போனில், சேர்கூட போனில். கடன் வாங்கியாவது போன் வாங்காத பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையில்லாதவர் என்று ஆகிப் போனது. பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறியதும், லுணுகலைப் பக்கம் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் உட்கார்ந்து படித்ததும் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி. சிறுத்தை நடமாடும் காடு என்பதால் பெரியவர்கள் துணைக்குப் போனார்கள். அங்கே தெரிந்த ஆபத்துக்கு நான்கு கால் இருந்தது, எல்லோருக்கும் புரிந்தது. உச்சிக்குப் போனதும் பிள்ளையின் கையிலிருந்த கண்ணாடிக்குள் யார் யார் நடமாடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்க எந்தத் துணைக்கும் தோன்றவில்லை. அது படிப்பு அல்லவா!

வெளிநாட்டு அறிவுரைக் கையேடுகள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசும்: பிள்ளை போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோக விடாதீர்கள், எல்லோரும் புழங்கும் கூடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஒரு குசினி. கூடமும் படுக்கையறையும் சாமியறையும் ஒன்றேதான். கட்டில், தொலைக்காட்சி, முருகன் படம், சோளன் மூட்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்த வீட்டில் ரகசியமாகத் தும்மக்கூட முடியாது. அந்த வகையில் லயம் கையேட்டுக்காரர்களின் கனவு இல்லம்.

ஆனால் லயத்துக்குள் டவர் கிடைக்காது. டவர் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், கோயில் படிக்கட்டில், இல்லாவிட்டால் பன்னிரண்டாம் நம்பர் மலையின் வளைவில். போன் நான்கு பேர் பார்க்கும் இடத்தில் ஊமையாகவும், யாரும் பார்க்காத இடத்தில் உயிரோடும் இருக்கிறது. இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் ஒதுக்கவில்லை. இன்னொன்று, வட்டவளை இலங்கையில் மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மாதக்கணக்கில் மைதானம் குளமாகக் கிடக்கிறபோது “போனை வச்சிட்டு வெளிய போய் விளையாடு” என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. பையன் குடையைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்று ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். கூட விளையாடுகிற ‘அண்ணா’ யாரென்று அவனுக்கும் தெரியாது. விளையாட்டுக்கு டயமண்ட் வாங்கித் தருவதாகச் சொன்னார், நல்ல அண்ணா.

பெரியவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் இரவு பகலாக எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2019இல் ‘மோமோ’ வந்தது நினைவிருக்கலாம். பிதுங்கிய கண்ணும் காதுவரை கிழிந்த வாயுமாக ஒரு பெண் உருவம். பிள்ளைகளின் வீடியோக்களுக்கு நடுவில் தோன்றி விபரீதக் கட்டளைகள் இடுகிறது என்று செய்தி. லண்டனிலிருந்து லயம் வரைக்கும் மாமாக்களும் பெரியம்மாக்களும் அந்தப் படத்தை அனுப்பி அனுப்பி, பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்தார்கள். யூடியூப் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்றது. அந்த உருவம் கெய்சுகே ஐசோ என்ற ஜப்பானியக் கலைஞர் 2016இல் ஒரு காட்சிக்காகச் செய்த ரப்பர் சிலை. உலகமே பயந்து நடுங்கிய நேரத்தில் அது உலகத்திலேயே இல்லை. உளுத்துப் போய்விட்டதால் முந்திய ஆண்டே குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார் ஐசோ. பிள்ளைகளைப் பயமுறுத்திய வேலை முழுவதையும் பெரியவர்களே சம்பளமில்லாமல் செய்து முடித்திருந்தார்கள்.

அதே பெரியம்மாதான் ‘50 ஜிபி டேட்டா இலவசம், பத்துப் பேருக்கு அனுப்பவும்’ என்ற இணைப்பையும் அனுப்புவார். பதினோராவது ஆளாக, அம்மாவின் போனில் வந்த அதைத் திறக்காமல் அழிக்கிறவள் பத்தாம் ஆண்டு படிக்கிற மகள்.

அந்த மகளின் கதைக்கு வருவோம். பொம்பிளைப் பிள்ளைக்குப் போன் எதற்கு என்று வீட்டில் கட்டாய விதி. சரி. ஆனால் அவள் பெரிய பிள்ளையானபோது நடந்த சடங்கின் ஆல்பம் முழுவதும் ஸ்டூடியோக்காரரின் பேஸ்புக் பக்கத்தில், ஊர் உலகம் பார்க்கத் திறந்து கிடக்கிறது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், மண்டபத்தின் பெயர், திகதி எல்லாம் தங்க எழுத்தில். தாய்மாமன் அதைப் பகிர்ந்து நாற்பது பேரைக் கோத்துவிட்டிருக்கிறார். போன் இல்லாத அந்தப் பிள்ளையின் படத்தை யாரும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். 2023இல் ஸ்பெயினில் அல்மென்ட்ராலெஹோ என்ற சிறு ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஆபாசப் படங்களாக்கிச் சுற்றவிட்டார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். அங்கே மூலப்பொருளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நாம் ஆல்பமாகப் போட்டுக் கொடுக்கிறோம்.

அரசாங்கம் ஏதாவது செய்யாதா என்றால், செய்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தை ஒட்டிப் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மூன்றையும் ஒரு வாரமளவில் முடக்கியது. நாடு முழுவதும் வீ.பி.என். என்றால் என்னவென்று படித்துக்கொண்டது அந்த வாரத்தில்தான். தாத்தாமாருக்குப் பேரன்கள் போட்டுக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் மறுபடி தடை. பாடம் மறக்காமல் இருந்தது. 2022 ஏப்ரலில் இன்னொரு தடை வந்தபோது, அப்போதைய இளைஞர் விவகார அமைச்சர் நாமல் ராஜபக்சவே வீ.பி.என். வழியாக வந்து, இப்படிப்பட்ட தடைகளால் பயனில்லை என்று எழுதினார். அரசாங்கத்தின் தடையைத் தாண்டிவந்து அரசாங்கத்தைத் திட்டிய அமைச்சர் உள்ள நாட்டில், பெற்றோர் போட்ட கட்டுப்பாட்டுச் செயலியைப் பையன் கழற்றிவிட்டான் என்று தலையில் கைவைப்பதில் அர்த்தமில்லை.

2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் அதில் பிரிவு உண்டு. ஆனால் விவாதம் முழுவதும் அரசியல்வாதிகளை யார் விமர்சிக்கலாம் என்பதைச் சுற்றியே நடந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியா வேறு வழியில் போய், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மீறினால் தண்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, கம்பெனிக்கு: 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டொலர் வரை. வாசலில் ஆள் நிறுத்தச் சொல்கிற சட்டம் என்ற அளவில் அது சரியான இடத்தில்தான் கைவைக்கிறது. 1990இல் பிறந்தவர்கள் அங்கேயும் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இனிச் சிரிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. முகம் தெரியாத ஒருவர் நட்பாகப் பேசி, ஒரு படத்தை வாங்கி, பிறகு “காசு அனுப்பு, இல்லாட்டி வீட்டுக்கு அனுப்புவேன்” என்று மிரட்டுவது இன்று உலகளாவிய தொழில். இத்தொழிலில் ஈடுபட்டவை என்று நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை மெட்டா 2024 ஜூலையில் நீக்கியது. இந்த வியாபாரத்தின் முதலீடு படம் அல்ல, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தை மிரட்டுகிறவன் உண்டாக்குவதில்லை; நாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறோம். “ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களேம்மா?” என்று பிள்ளை ஆரம்பித்ததும் “மொதல்ல போனக் கொண்டா இங்க” என்கிறோம். பிள்ளை கொண்டுவந்து கொடுத்துவிடும். சொல்ல வந்ததை மட்டும் சொல்லாது.

ஆகவே இதை வாசிக்கிற அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். 13 நிரம்பிய பிள்ளை என்றால் இன்றைக்கே கூட உட்கார்ந்து கணக்கில் உண்மையான பிறந்த திகதியைப் போடுங்கள். காவல் தானாக வந்துவிடும். சடங்கு ஆல்பத்தை ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். என்ன நடந்தாலும் ஏச மாட்டோம், போனைப் பறிக்க மாட்டோம் என்று எதுவும் நடப்பதற்கு முன்பே சொல்லி வையுங்கள். மிரட்டல் வந்துவிட்டால் காசு கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் பரவும் என்ற பயம் இருந்தால் ‘டேக் இட் டௌன்’ என்ற இலவச சேவை உண்டு. படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் போகும், அதை வைத்துச் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். கணக்கைக் களவாடிவிட்டார்கள் என்றால் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101. பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929: இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், போனில் காசு இல்லாவிட்டாலும் பேசலாம்.