கல்லாவை விட்டு எழுந்திருங்கள்

கேள்வி: காலை ஆறு மணிக்கு மளிகைக் கடையைத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் மூடுகிறேன். ஆட்களும் நிலைப்பதில்லை, லாபமும் நிற்பதில்லை. இன்னும் எவ்வளவுதான் உழைப்பது?

பதில்: உழைத்தது போதும். 16 மணி நேரமும் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் காவல். அருண் ஐஸ்கிரீமை உருவாக்கிய ஆர்.ஜி. சந்திரமோகனைப் பாருங்கள்: 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் செய்து வண்டியில் விற்கத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளோடு மோதி மூச்சு வாங்காமல், அவர்கள் கண்டுகொள்ளாத கல்லூரி விடுதிகளையும் கப்பல்களையும் பிடித்தார். பிறகு சிற்றூர்களுக்குப் போனார். அவருடைய நிறுவனம் வளர்ந்த வழி அது. எவ்வளவு உழைத்தார் என்பதைவிட, அந்த உழைப்பை எங்கே கொண்டுபோய் இறக்கினார் என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆட்கள் விஷயம்: சம்பளம் ஒன்றாம் தேதி கைக்குப் போகிறதா? வாடிக்கையாளர் எதிரில் பையனைத் திட்டுகிறீர்களா? திட்டு வாங்கிய கை கட்டும் பொட்டலத்தில் முடிச்சு இறுகாது, கவனித்துப் பாருங்கள்.

வாரம் ஒரு மதியம் கல்லாச் சாவியை மூத்த ஆளிடம் கொடுங்கள். உங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்ட நாலு பேர் வீட்டுக்குப் போய், ஏன் என்று கேளுங்கள்.