நாஷ்வில் ஆற்றுப்படை

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார், உன் வறுமை தீரும் என்று சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படை என்றார்கள் நம் முன்னோர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களில் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு, கண்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்விலுக்குப் புறப்படும் தம்பிகளுக்கு அப்படி வழிசொல்ல ஆளில்லை. பரிசிலோடு எதிரே வருகிறவர்கள் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். அந்தக் குறையைப் போக்கும் புண்ணியத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

கேள் தம்பி. நாஷ்வில் போய்ச் சேர்ந்ததும் நேரே லோயர் பிராட்வே தெருவுக்குப் போ. இரு பக்கமும் மதுக்கூடங்கள், ஒவ்வொன்றிலும் மேடை, சில கட்டடங்களில் மாடிக்கு ஒரு மேடை. முற்பகலில் தொடங்கும் பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஒரு குழுவுக்கு நான்கு மணி நேரம். நடுவே இடைவேளை விட்டால் வாசிக்கிறவனுக்குக் கைவலி தெரிந்துவிடும் என்று பல இடங்களில் அதையும் விடுவதில்லை. கடைக்காரர் தருவது சொற்பம். மற்றதெல்லாம் கூட்டத்துக்குள் சுற்றிவரும் வாளியில் விழ வேண்டும். குடித்தவன் கை தாராளமானது என்பதைக் கண்டறிந்து, பாட்டுக்காரன் கூலியைத் தன் கல்லாவிலிருந்து எடுத்து வாடிக்கையாளர் சட்டைப்பைக்கு மாற்றிய அந்த முதலாளிகளின் மதிநுட்பத்தை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

வாளியைப் பார்த்து முகம் சுளிக்காதே. 'அலபாமா' குழுவை நினைத்துக்கொள். தெற்கு கரோலைனாவின் மிர்ட்டில் பீச் கடற்கரையில் உள்ள ஒரு மதுக்கூடத்தில் 1973 முதல் கோடைதோறும் டிப்ஸுக்காக வாசித்தவர்கள் அவர்கள். 1980-ல் பெரிய ரெக்கார்டு கம்பெனி ஒன்று கூப்பிட்டது. பிறகு கோடிக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றன. லாட்டரிக் கடை வாசலில் பரிசு விழுந்தவன் படத்தை மாட்டி வைப்பதுபோல் இந்தக் கதையை ஊர் முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். அதே ஏழு கோடைகளில் வேறு கடைகளில் வாசித்த மற்றவர்களின் கதையைச் சொல்லி உன் மனத்தைக் கலைக்க அங்கே யாருக்கும் விருப்பமில்லை. அவ்வளவு பண்பானவர்கள்.

வாளியில் தேறினால் உனக்கு பஸ் யோகம். ஐம்பதுகளில் உன் முன்னோர் ஐந்தாறு பேர் ஒரே காரில் இடித்துக்கொண்டு, பெரிய பேஸ் வாத்தியத்தைக் கூரைமேல் கட்டிக்கொண்டு இரவெல்லாம் போனார்கள். உனக்கோ நாற்பத்தைந்து அடி நீளப் படுக்கை வசதி பஸ். உள்ளே மூன்றடுக்காகப் பன்னிரண்டு படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. உன் வீடு, வாசல், அந்தரங்கம் எல்லாம் அந்தத் திரைக்குள் அடங்கிவிடும். எழுந்து உட்கார உயரம் போதாது. படுக்கை என்பது படுப்பதற்குத்தானே? கால் இரண்டும் பஸ்ஸின் முன்பக்கம் இருக்கும்படி படுக்கச் சொல்வார்கள். வண்டி எங்காவது மோதினால் கழுத்துக்குப் பதில் கால் முறியும். கால் முறிந்தவன் மறுவாரம் முக்காலியில் உட்கார்ந்து வாசித்துவிடலாம். கழுத்து முறிந்தால் மாற்று ஆள் தேட வேண்டும். இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கும் தொழில் வேறு எது?

பஸ்ஸில் கழிவறையும் உண்டு, சிறுநீருக்கு மட்டும். மற்றதற்கு அடுத்த லாரிப்பேட்டை வரும்வரை புலனடக்கம். யோகிகள் இமயமலை ஏறிப் பழகியதை இவர்கள் நெடுஞ்சாலையிலேயே பழக்கிவிடுகிறார்கள். குளியலும் பல நாள் அந்த லாரிப்பேட்டையில்தான். சாப்பாட்டுக்கு மேடைக்குப் பின்னால் ஒரு தட்டு வைத்திருப்பார்கள்: குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், பாலாடைக்கட்டி, ரொட்டி. மேற்கே கலிஃபோர்னியா போனாலும் கிழக்கே கரோலைனா போனாலும் அதே தட்டு. ஊருக்கு ஊர் சமையல் மாறி வயிற்றைக் கெடுத்துவிடக் கூடாது என்ற அக்கறை.

அந்த பஸ்ஸில் ஒருவர் மட்டும் கொஞ்சம் துரதிர்ஷ்டசாலி, டிரைவர். அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி அவர் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மறுபடி ஓட்டுவதற்கு முன் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தாக வேண்டும். பாவம், சட்டம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. உன் தூக்கத்தில் எந்தச் சட்டமும் தலையிடாது. விடிய விடியப் பயணம், பகலில் சாமான் இறக்கி சவுண்ட் செக், இரவில் கச்சேரி, மறுபடி சாமான் ஏற்றிப் பயணம் என்று நீ விரும்பிய மட்டும் விழித்திருக்கலாம். விழிப்புக்குத் துணைசெய்யும் மாத்திரைகளும் இந்தத் தொழிலில் பழைய உறவினர்கள். 1965-ல் எல் பாசோ விமான நிலையத்தில் பாடகர் ஜானி கேஷைப் பிடித்தபோது அவருடைய கிடார்ப் பெட்டிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள் இருந்தன. கிடாருக்கும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார் என்பது அவருடைய கலைப்பற்று.

இப்போது பரிசில் கணக்கு. நீ பக்கவாத்தியக்காரன். கச்சேரி நடந்தால் கூலி, வெளியூரில் இருக்கும் நாளுக்குப் பேட்டா. கச்சேரி இல்லாத நாளுக்கு ஒன்றுமில்லை. ஓய்வின் மதிப்பைப் பணத்தால் அளக்கலாமா? பல குழுக்களில் உன்னை ஊழியன் என்று தாழ்த்திப் பேசவும் மாட்டார்கள், நீ சுயமாகத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர். மருத்துவக் காப்பீடா, ஓய்வூதியமா, எதிலும் மூக்கை நுழைக்காமல் முழுவதையும் உன் பொறுப்பில் விட்டுவிடும் பெருந்தன்மை எத்தனை முதலாளிகளுக்கு வரும்?

பாடகனைப் பார்த்துப் பொறாமைப்படாதே. அவன் இன்னும் பெரிய பாக்கியசாலி. வசூலில் மேனேஜருக்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது, கச்சேரி பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குப் பத்து, கணக்குப் பார்ப்பவருக்கு ஐந்து என்பது வழக்கம். பிறகு பஸ் வாடகை, டீசல், டிரைவர் சம்பளம், உன் கூலி. முன்பெல்லாம் ரெக்கார்டு கம்பெனி இசைத்தட்டு வருமானத்தோடு நின்றுகொள்ளும். இந்த நூற்றாண்டில் '360 டிகிரி ஒப்பந்தம்' வந்த பிறகு டிக்கெட், டி-சர்ட் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு. பாடகன் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு கை அவனைத் தாங்கிப் பிடிக்கிறது. தன் முகம் போட்ட டி-சர்ட்டை அரங்க வாசலில் விற்றால் பல அரங்கங்கள் அதிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதே வாசலில் விற்ற பீரில் அவனுக்குப் பங்கு தருவதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே?

இதிலும் மனமிரங்கியவர்கள் உண்டு. 2023-ல் லைவ் நேஷன் என்ற கச்சேரி நிறுவனம் தன் சிறிய அரங்குகளில் டி-சர்ட் பங்கை விட்டுக்கொடுத்து, கச்சேரிக்கு 1,500 டாலர் வழிச்செலவும் தருவதாக அறிவித்தது. பாடகர் வில்லி நெல்சன் முன்னிலை வகித்த அந்தத் திட்டத்துக்கு அவருடைய 1980-ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரையே வைத்தார்கள்: 'ஆன் தி ரோட் அகெய்ன்'. சாலைப் பயணத்தின் தேசிய கீதமாகிவிட்ட அந்தப் பாட்டை வில்லி எழுதியது விமானத்தில், வாந்தி எடுப்பதற்காக வைத்திருக்கும் காகிதப் பையின்மேல். சாலையின் இன்பம் இவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் போலும்.

வள்ளல்களின் பரம்பரையையும் சொல்லாமல் அனுப்பக் கூடாது. புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்றோ நாற்பதுகளில் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் கச்சேரி நடத்தினார். பகலில் கூடாரம் அடிப்பது அவருடைய வாத்தியக்காரர்கள். பிறகு உள்ளூர் அணிகளோடு பேஸ்பால் ஆடிக் கூட்டம் சேர்ப்பதும் அவர்கள். இரவில் வாசிப்பதும் அவர்கள்தான். வித்துவானுக்கு உடற்பயிற்சி அவசியம் என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்த மேதை.

நாஷ்விலின் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி மேடையின் அன்பு அதைவிடப் பெரிது. அறுபதுகளின் தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் ஆண்டுக்கு 26 சனிக்கிழமைகள் அங்கே வந்து பாட வேண்டும் என்பது விதி. வெளியூரில் வசூல் கொழிக்கும் இரவும் சனிக்கிழமைதான். ஆகவே வெள்ளிக்கிழமை எங்கோ தொலைவில் பாடிவிட்டு, இரவோடு இரவாக நாஷ்விலுக்கு ஓடிவந்து, குறைந்த கூலிக்குப் பாடிவிட்டு, மறுபடி ஓடலாம். பாசத்துக்குத் தூரம் ஏது? 1964 டிசம்பரில், அந்தக் கணக்கைக் காப்பாற்றாத பன்னிரண்டு பேரை ஒரேயடியாக நீக்கி, பாசம் இருபக்கமும் இருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள்.

அந்த மேடைக்கு அப்பெயர் சூட்டிய 1927-ஆம் ஆண்டு இரவில், நிகழ்ச்சியில் முதலில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி, ஹார்மோனிகாவில் ரயிலை ஓடவிட்ட கறுப்பினக் கலைஞர். சுற்றுப்பயணத்தில் அவர் பெயருக்குக் கூட்டம் கூடும். ஆனால் தென்மாநில ஓட்டல்களில் சக கலைஞர்களோடு தங்கவும் சாப்பிடவும் அவருக்கு அனுமதியில்லை. மேடையில் மட்டும் நிறம் பார்க்காத விசால மனம். 1941-ல் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நாஷ்விலிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-ல் இறந்தார். 2005-ல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தாமதம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். புகழ் ஒருவர் தலைக்கேறிவிடக் கூடாதே என்று காத்திருந்திருப்பார்கள்.

பயணத்தின் உச்சப் பரிசிலைப் பெற்றவர் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ். 1952 கடைசி நாட்களில் முதுகுவலியோடும் மருந்து மயக்கத்தோடும், கல்லூரி மாணவன் ஒருவன் காரோட்ட, ஒஹையோவின் கேண்டன் நகருக்குப் புத்தாண்டுக் கச்சேரிக்குப் புறப்பட்டார். 1953 ஜனவரி 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில்லில் வண்டி நின்றபோது பின் இருக்கையில் அவர் உயிரோடு இல்லை. வயது 29. இந்த உலகத்தைவிட்டு உயிரோடு தப்பப்போவதில்லை என்று பொருள்படும் தலைப்பில் அவர் பாடிய பாட்டு அந்த மாதமே விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவரை ஏற்றிச் சென்ற காடிலாக் கார் இன்று அலபாமாவின் மாண்ட்கமரியில், அருங்காட்சியகத்தில் பளபளப்பாக நிற்கிறது. யாருக்கு ஓய்வு தேவை என்பது இந்தத் தொழிலுக்குத் தெரிந்திருக்கிறது.

சாலை அலுத்தால் வானம் இருக்கிறது. மறைந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்துக்கான நிதிக் கச்சேரியில் பாடிவிட்டுத் திரும்பிய பாடகி பாட்சி கிளைன், 1963 மார்ச் 5 அன்று சிறிய விமானத்தில் மேலும் மூவரோடு விழுந்து இறந்தார். மறு ஆண்டு பாடகர் ஜிம் ரீவ்ஸ். 1991 மார்ச்சில் பாடகி ரீபா மெக்கென்டயரின் வாத்தியக்காரர்கள் ஏழு பேரும் டூர் மேனேஜரும் சான் டியாகோ அருகே மலையில் மோதி இறந்தார்கள். அடுத்த ஊர்க் கச்சேரிக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி இந்தத் தொழிலில் அவ்வளவு ஆழம்.

இவ்வளவும் எதற்கு, பாட்டுதான் வானொலியில் நாள்தோறும் ஒலிக்கிறதே, அதில் வரும் பணத்தில் வீட்டோடு இருக்கலாமே என்று கேட்பாய். அமெரிக்காவில் பண்பலையும் மத்திய அலையும் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதி மெட்டமைத்தவருக்குப் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் காசு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா, ஈரானோடும் வட கொரியாவோடும் மனமொத்து நிற்கிறது. உலக சமாதானத்துக்கு உன் கூலி ஆற்றும் தொண்டு அது. உன் பாட்டைக் கேட்டு லாரிக்காரர் அழுவார், நடுவே வரும் விளம்பரத்துக்கு நிலையம் காசு வாங்கும், உனக்குப் பேர் கிடைக்கும். அந்தப் பேரை எடுத்துக்கொண்டு வியாழன் முதல் சனி வரை ஊர் ஊராகப் போனால் டி-சர்ட் விற்கலாம்.

இதைக் கெடுக்கவும் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வானொலி பணம் தர வேண்டும் என்று ஒரு மசோதாவை 2021-ல் கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. 2023-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதுவும் நிறைவேறவில்லை. நல்லவேளை! மாதாமாதம் காசு வந்தால் நீ வீட்டில் இருந்துவிடுவாய். பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவாய், மனைவி பிரிந்து போக மாட்டாள், முதுகு வலிக்காது, இரவில் தூக்கம் வரும். அப்புறம் எதைப் பற்றிப் பாடுவாய்? கண்ட்ரி இசைக்கு வேண்டிய மூலப்பொருள் தட்டுப்பாடில்லாமல் உற்பத்தியாக வேண்டுமென்று அமெரிக்க காங்கிரசே இத்தனை பாடுபடும்போது, நீ போய்ச் சம்பளம் கேட்பது அழகா தம்பி?