கோட்டைத் தொகுதியைக் கோட்டை விடுவது எப்படி?

வேட்பாளர் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் கட்சி மேலிடத்துப் பெரியோர்களே, இழுபறித் தொகுதியில் யார் வேண்டுமானாலும் தோற்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் அசையாமல் கட்சியின் கையில் இருந்த தொகுதியை ஒரே இரவில் பறிகொடுக்கத்தான் தனித்திறமை வேண்டும். ஆஸ்திரேலியாவின் லேபர் கட்சி 2022 மே 21 அன்று, சிட்னியின் தென்மேற்குப் புறநகர்ப் பகுதியில் உள்ள ஃபவுலர் தொகுதியில் அதைச் செய்து காட்டியது. எனவே இது பரீட்சித்துப் பார்த்த முறைதான். தைரியமாகப் பின்பற்றலாம்.

முதலில் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். வாக்கு எண்ணிக்கையின் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சும்போது 60 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அதைப் ‘பாதுகாப்பான’ தொகுதி என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் வகைப்படுத்துகிறது. ஃபவுலரில் 2019இல் லேபர் வாங்கியது 64. தொகுதி உருவான 1984 முதல் 2022 வரை டெட் கிரேஸ், ஜூலியா இர்வின், கிறிஸ் ஹேய்ஸ் என்று மூன்றே உறுப்பினர்கள், மூவருமே லேபர். வியட்நாம் போருக்குப் பின் வந்து சேர்ந்த அகதிகள் தொகுதிக்குள் இருக்கும் கப்ரமட்டாவில் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, தேர்தலுக்குத் தேர்தல் அதே கட்சிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே கம்போடியர், அசிரியர், அரபு மொழி பேசுவோர். வேலையில்லாதோர் விகிதம் அதிகம், சம்பளம் குறைவு. மேலிடத்துக்கு இதைவிட நிம்மதியான இடம் ஏது?

அடுத்து, அந்த நிம்மதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். தலைவர்களின் பேருந்தை இழுபறித் தொகுதிகளுக்கு ஓட்டுங்கள். புது ரயில், புது மருத்துவமனை எல்லாம் அங்கேயே அறிவித்துவிடுங்கள். எப்படியும் நமக்குத்தானே போடுகிறார்கள், இவர்களுக்கு எதற்கு வீண் செலவு?

இப்போது கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் தொகுதி மக்கள் வேறு யார் மீதாவது கோபப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. ஃபவுலரில் அப்படித்தான் நடந்தது. 2021இல் டெல்டா கொரோனா முதலில் தலைகாட்டியது சிட்னியின் கிழக்கே, வசதியானவர்கள் வாழும் கடற்கரைப் பக்கம். கெடுபிடி விழுந்ததோ மேற்கேயும் தென்மேற்கேயும். தொகுதியில் அடங்கும் ஃபேர்ஃபீல்டு பகுதியிலிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் கார்கள் வரிசையில் நின்றன. உதவிக்கு ராணுவம் வந்தது. பிறகு இரவு ஊரடங்கும் வந்தது. இத்தனையும் செய்தது லிபரல் கட்சியின் மாநில அரசு. லேபர் சும்மா இருந்திருந்தாலே அந்தக் கோபம் மொத்தமும் அதன் மடியில் வாக்காக விழுந்திருக்கும்.

சும்மா இருக்கக் கூடாது. அதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. ஊரடங்கு இன்னும் முடியாத அந்தச் செப்டம்பரிலேயே வேட்பாளரை அறிவித்துவிடுங்கள். ஓய்வுபெறும் ஹேய்ஸ், தமக்குப் பின் டூ லே வரட்டும் என்றார்; வியட்நாம் அகதிகளின் மகள், இளம் வழக்கறிஞர். நல்ல யோசனைதான், ஆனால் மேலிடத்தில் அதைவிட அவசரமான சிக்கல் ஒன்று இருந்தது: மூத்த செனட்டர் கிறிஸ்டினா கெனீலிக்கு மேலவைப் பட்டியலில் நிச்சயமான இடம் கிடைக்கவில்லை. மாநிலத்தின் முன்னாள் முதல்வரான அவரை எங்கே உட்காரவைப்பது? காலியாக, பத்திரமாக, வாய் திறக்காத ஒரு நாற்காலி. ஃபவுலர்!

அவருடைய வீடு அப்போது ஸ்காட்லாந்து தீவில் இருந்தது. நகரின் மறு கோடி. கரைக்கு வரவே படகு வேண்டும். இறக்குமதி வேட்பாளரை இதைவிடச் சுத்தமாக இறக்குமதி செய்ய முடியாது. அவர் தொகுதிக்குள் வீடு பார்த்துக் குடியேறினார், உண்மைதான். அதற்குள் ‘எங்களில் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?’ என்ற கேள்வி கடைத்தெருவெல்லாம் குடியேறிவிட்டது. அதற்குப் பதிலும் தயாராக இருந்தது: அமெரிக்காவில் பிறந்து இங்கே வந்தவர், அவரும் குடியேறிதானே! இந்தப் பதிலைச் சொல்லத் துணிவு இல்லாதவர்கள் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம்.

எதிரே யார் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். நின்றவர் டாய் லே. சிறுமியாகச் சைகோனிலிருந்து தப்பி, அகதி முகாம்களில் இருந்துவிட்டு வந்தவர். முன்னாள் பத்திரிகையாளர், ஃபேர்ஃபீல்டு நகரமன்றத்தின் துணை மேயர். ஒரு காலத்தில் லிபரல் வேட்பாளராக நின்று தோற்று, பிறகு அந்தக் கட்சியோடும் பிணங்கி, சுயேச்சையானவர். மேயர் ஃபிராங்க் கார்போன் முன்பு லேபரில் இருந்து விலகியவர். அவரும் கூடவே நின்றார். உங்கள் கருத்துக்கணிப்பில் இதெல்லாம் தெரியாது. தொகுதிக்குப் போய் ஒரு கோப்பை காப்பி குடித்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டோம்.

வாக்குப்பதிவு நாளில் இரண்டு சட்டங்கள் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். போடாவிட்டால் 20 டாலர் அபராதம். நம் ஊரைப் போல அதிருப்தி அடைந்தவர் வீட்டில் படுத்துக்கொள்ள மாட்டார். வாக்குச்சாவடியான பள்ளியின் வாசலில் விற்கும் தொத்திறைச்சியை வாங்கித் தின்றுவிட்டு, உள்ளே போய்த் தம் அதிருப்தியைக் குத்திவிட்டு வருவார். இன்னொன்று, ஒவ்வொரு வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். முதல் விருப்பத்தில் கெனீலிதான் முந்தினார்: 36 சதவீதம். டாய் லேக்கு ஏறத்தாழ 30. ஆனால் பின்தங்கிய வேட்பாளர்களை ஒவ்வொருவராகக் கழித்து அவர்கள் வாக்குகளைப் பிரித்துக் கொடுத்தபோது, லிபரலுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் டாய் லேயின் பக்கம் சாய்ந்தது. முடிவில் அவருக்கு 51.6 சதவீதம்.

அதே இரவு லேபர் கட்சி நாட்டின் ஆட்சியைப் பிடித்தது. கெனீலிக்கு நாடாளுமன்றத்தில் நாற்காலியே இல்லாமல் போனது.

தவறைத் திருத்திக்கொள்ள நினைக்கும் மேலிடங்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு. 2025இல் லேபர் அதே டூ லேயை ஃபவுலரில் நிறுத்தியது. நாடு முழுவதும் 94 தொகுதிகளை அள்ளிய அந்தத் தேர்தலிலும் ஃபவுலரில் ஜெயித்தது டாய் லேதான்.