பல்லக்கு இருக்க மேப் எதற்கு?

மெட்ராஸ் ராஜதானியில் ஒரு லொகேஷன் சர்வீஸுக்கு ஒற்றை ஸ்டார் கொடுத்த முதல் ஆசாமி, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதிக் கமிட்டியில் இருந்தார். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தென்னிந்தியா முழுக்க அளந்து மேப் போடுகிறேன் என்று காசு கேட்டுக்கொண்டிருந்த காலம். கமிட்டிக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னது ஏறக்குறைய இதுதான்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமா? பல்லக்கு தூக்குகிறவர்களின் தலைவனிடம் ஊர்ப் பேரைச் சொல்லுங்கள், கொண்டுபோய் இறக்கிவிடுவான். நடுவில் லாம்டன் மேப் எதற்கு?

மனுஷன் செலவைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னார். போகிற போக்கில், இன்றைக்கு ஆப் டிசைன் செய்கிறவர்கள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வதை ஓசியில் சொல்லிவிட்டார்.

1994-ல் பில் ஷிலிட் என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கையில் இருக்கும் கருவிக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பல்லக்குத் தூக்கிக்கு இந்த மூன்றும் தெரியும். கூடவே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, எந்தச் சத்திரத்தில் ராத்தங்கலாம், உள்ளே உட்கார்ந்திருக்கும் துரைக்கு இப்போது என்ன மூடு என்பதும் தெரியும். சார்ஜர் வேறு வேண்டாம்.

லாம்டன் பாவம், அவரும் லேசுப்பட்டவரில்லை. 1799-ல் திப்பு மேல் படையெடுத்துப் போனபோது, ஜெனரல் பேர்ட் ஒரு ராத்திரியில் துருப்புகளை நடத்திக்கொண்டு போனார். லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்கிற இடத்தைப் பார்த்தால் தெற்கே போகாமல் வடக்கே, எதிரியின் மடியிலேயே போய் உட்காரப் போகிறோம் என்று தெரிந்தது. சொன்னார். நட்சத்திரத்தைக் கேட்டுத்தான் நான் வழி நடக்க வேண்டுமா என்று ஜெனரல் சீறினார். கொஞ்ச தூரம் போனதும் எதிரியின் காவல் படை மேலேயே மோதிக்கொண்டார்கள். அப்புறம் விளக்கைப் பொருத்தி காம்பஸைப் பார்த்தால், நட்சத்திரம் சொன்னதே சரி. 'யூ டர்ன் எடுக்கவும்' என்று போன் கெஞ்சக் கெஞ்ச, "எனக்குத் தெரியாத ரூட்டா?" என்று நேராகப் போகும் மாமாக்களின் பரம்பரை அங்கிருந்து தொடங்குகிறது.

1802 ஏப்ரலில் வேலை ஆரம்பித்தது. பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை ஒரு நேர்கோடு, சுமார் 12 கிலோமீட்டர். அளப்பதற்கு 100 அடி எஃகுச் சங்கிலி. அதன் பூர்வோத்தரம் கேளுங்கள்: சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாகப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட சாமான்! லாம்டன் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஏறக்குறைய 400 தடவை அதை நீட்டி நீட்டி அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. ரொம்ப நாள்தான். ஆனால் மழைக்காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பெரும்பாக்கத்துக்கு ஆபீஸிலிருந்து திரும்பியவர்கள் லாம்டனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கோணம் அளக்கும் தியோடலைட் இங்கிலாந்திலிருந்து வந்தது. அரை டன் எடை. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, பீரங்கி இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெலிவரி லேட், ஆனால் ரிட்டர்ன் பாலிசி அருமை.

அந்தக் கருவிக்கு உயரமான இடம் வேண்டும். தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டியவரை வயலும் தென்னையும்தான். 1808-ல் லாம்டன் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன்னை ஏற்றினார். கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் இடித்துக் கோணிப்போயிற்று. மனுஷன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு ஆறு வாரம் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். ராஜராஜன் எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் இதை யோசித்துக் கட்டவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும்.

இத்தனை பாட்டுக்கும் பலன்? சென்னையிலிருந்து மங்களூர் 400 மைல் என்று பழைய மேப் சொல்லிக்கொண்டிருந்தது. இவர் அளந்தால் 360-தான் வந்தது. நிதிக் கமிட்டி காசைக் கொடுத்து, கம்பெனிக்கு 40 மைல் நிலம் நஷ்டம்.

இப்போது மயிலாப்பூருக்கு வாருங்கள். வாடகைக் கார் புக் பண்ணுகிறீர்கள். செயற்கைக்கோள் தயவில் உங்கள் நீலப் புள்ளி துல்லியமாக மினுக்குகிறது. உடனே போன் அடிக்கிறது.

"சார், எங்க இருக்கீங்க?"

"அதான் லொகேஷன் காட்டுதேப்பா."

"அது காட்டுது சார். பக்கத்துல என்ன இருக்கு?"

வீட்டு நம்பரைச் சொன்னால் அடுத்த கேள்வி: "பழைய நம்பரா, புது நம்பரா?" அந்தப் பக்கம் பேசுவது சாட்சாத் பல்லக்குத் தூக்கிதான். அறுபத்து மூவர் உற்சவத்தன்று ஆப் மாட வீதி வழியாகக் குறுக்கு வழி காட்டும். அவர் மட்டும் நம்பாமல் லஸ் பக்கம் ஒடித்துவிடுவார். எதிரே வருகிற அறுபத்து மூன்று பேரும் ரிவர்ஸ் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தி. நகரில் இன்னும் மோசம். தீபாவளி நெருக்கத்தில் ரங்கநாதன் தெருவுக்கு 'நடக்கும் நேரம்' போடுகிறது ஆப். அங்கே யார் நடக்கிறார்கள்? கூட்டம் தூக்கிக்கொண்டு போகிறது. பல்லக்கு இன்னும் ஒழிந்தபாடில்லை.

அடையாறைத் தாண்டினால் தரமணி. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடம். தொண்ணூறுகளின் கடைசியில் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுப்பார்கள். உலக வல்லரசு போர்க்கப்பலுக்காகக் கணக்குப் போட்டது, கட்டுமரத்துக்கு உதவப் போகிறது! ஆனால் விடிவதற்குள் கடலுக்குப் போகிறவர் ஸ்கிரீன் முன்னால் வந்து க்யூவில் நிற்பாரா? ஆகவே தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் அலறவிட்டார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாட்டுப் போட்ட குழாயில் அலை உயரம்.

பிறகு அதே நிறுவனம் மீனவ நண்பனாக 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. முக்கியமானது எல்லை எச்சரிக்கை. இலங்கைப் பக்கத்துக் கோடு கடலில் எங்கே போகிறது என்று கேட்க அங்கே டீக்கடையும் கிடையாது, பிள்ளையார் கோயிலும் கிடையாது. டவர் எட்டாத தூரத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்பதால் அங்கே அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் கதி. லாம்டன் ஆவி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

ரொம்பவும் நிமிர்த்த வேண்டாம். கோடு நெருங்குகிறது என்று போன் எச்சரிக்கிற நேரத்தில் பார்த்துத்தான் வலை கனக்கும். அந்த நேரம் படகில் இருப்பவர் எல்லோரும் ஜெனரல் பேர்ட்.