நீ யார்?

மானாவாரியாக மக்காச்சோளம் போட்டிருக்கும் பெரியப்பாவுக்காக, அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத் தளத்தைத் திறந்தேன். எந்தத் தளம் என்று சொல்ல மாட்டேன். ஞானிகளுக்கு விளம்பரம் ஆகாது.

முதல் திரையில் பெயர், ஊர். இரண்டாவதில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. மூன்றாவதில் வங்கிக் கணக்கு. "தம்பி, ஒண்ணேகால் ஏக்கர்ல, ஒண்ணரைன்னு போட்டுட்டியா?" என்றார் பெரியப்பா. திருத்தலாம் என்று தளத்திலேயே இருந்த 'முந்தைய' பொத்தானை அழுத்தி ஒரு திரை பின்னால் போனேன். பரப்பு இல்லை, சர்வே எண் இல்லை, பெயரும் இல்லை. 1879-ல் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமணர், 'நான் யார்' என்று அவரவரே விசாரித்துக்கொள்ளச் சொன்னார். இந்தத் தளம் நமக்கு அந்தச் சிரமத்தையும் வைக்காமல் 'நீ யார்' என்று தானே கேட்கிறது, திரைக்குத் திரை.

இதை மறதி என்பவர்கள் துறவு அறியாதவர்கள். வலையின் ஆதி நெறிமுறையான ஹெச்டிடிபிக்கே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுப் பிறவி. 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்து அந்தத் தூய்மையைக் கெடுத்தார். பிறகு வந்தவர்கள் இன்னும் மோசம். செஷன் ஸ்டோரேஜ் என்றார்கள். வியூ என்ற சட்டகத்தில் தளம் கட்டும் நிரலாளர்களோ 'கீப் அலைவ்' என்று ஓர் உறையே வைத்திருக்கிறார்கள். திரை கண்ணை விட்டு மறைந்தாலும் அதில் தட்டியதெல்லாம் உயிரோடு கிடக்குமாம். நம் தளம் இந்தப் பற்றுகள் எதையும் தீண்டவில்லை. விட்டுப்போன திரையை அங்கேயே தகனம் செய்துவிட்டு, திரும்பி வந்தால் பச்சைக் குழந்தையாகப் பெற்றுத் தருகிறது. நாலு திரைக்கும் ஒரே முகவரி, அத்வைதம். அதனால் போனின் பின்பொத்தானை அழுத்தினால் முந்தின திரைக்குப் போகாது, தளத்தை விட்டே வெளியேற்றிவிடும். இவ்வளவு மலிவாக முக்தி வேறெங்கே கிடைக்கும்?

எதிர்வீட்டு நெசவாளருக்கு இந்தப் பக்குவம் வரவில்லை. பாவு தீர்ந்தால், அச்சிலும் விழுதிலும் கிடக்கிற பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிறார். அத்தனை கண்ணிலும் மறுபடி நூல் கோக்க வேண்டாமாம். சாப்பிட்டுவிட்டு வந்தால் தறி விட்ட இடத்திலேயே நிற்கிறது, பாவம், அதற்கும் துறக்கத் தெரியவில்லை. கண்மாய் வெட்டிய முன்னோர்களும் அப்படித்தான். மேல் கண்மாய் நிறைந்ததும் மறுகால் வழியே கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீரை அனுப்பினார்கள். ஊருக்கு ஊர் கரையை உடைத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும் தைரியம் அவர்களுக்கு இல்லை.

ஓடிபியும் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிது. பதிவு செய்த போன் பெரியம்மாவோடு காட்டில் இருந்ததால், தளத்தின் தயவில் அன்று தம்பதியர் ஆறு தடவை பேசிக்கொண்டார்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் ஒப்பிக்கும் அளவுக்குக் கணக்கு எண் பெரியப்பாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு நினைவாற்றல் பயிற்சியை யார் இலவசமாகத் தருவார்கள்?

கடைசித் திரையில் 'சமர்ப்பி'யை அழுத்தினேன். 'நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்' என்று வந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்தார்.

"பேர்ல இருந்து ஆரம்பி, தம்பி."