கொங்கு நாட்டில் பூட்டுப்போன்: கொள்முதல் இலக்கணம்

ஒரே ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்று, மற்ற எல்லாச் சிம்மையும் விலக்கி வைக்கும் கைப்பேசி பூட்டுப்போன் எனப்படும். படம் எடுப்பதிலும் பாட்டு ஒலிப்பதிலும் அதற்குக் குறையே இராது. வேறு சிம்மில் பேசுவது ஒன்றுதான் வராது. இந்தக் குணம் பழுதால் வருவதன்று. அமெரிக்கா போன்ற நாடுகளில் போனைத் தவணைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள், கடன் தீருமுன் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாதென்று மென்பொருளிலேயே இந்தத் தடையை வைக்கின்றன.

இந்தியாவில் போனை ஒரு கடையிலும் சிம்மை அடுத்த பெட்டிக்கடையிலும் வாங்குவதே மரபு என்பதால், உள்நாட்டுப் பூட்டுகள் குறைவு. ஆய்வுக்குத் தகுந்தவை மூன்று. 2003இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்ற பெயரில் 501 ரூபாய் கட்டினால் சி.டி.எம்.ஏ. போன் என்றது. அதில் நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. கழற்றச் சிம்மே கிடையாது. 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜியைத் தத்தம் பூட்டோடு விற்கத் தொடங்கின. தொடக்க விலை 31,000 ரூபாய். மூன்றாவது, 2017இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த, ஜியோ சிம்மை மட்டும் ஏற்கும் ஜியோபோன். மறு ஆண்டே பழைய போனைக் கொடுத்து ஜியோபோன் வாங்கும் திட்டம் வந்தது. அதன் பெயரும் மான்சூன் ஹங்காமா. தொகையும் அதே 501. தங்கம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறிய பதினைந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட ஏறாத இத்தொகை, மொய்க் கவரைத் தவிர வேறெங்கும் காணக் கிடைக்காதது.

இன்று கோவைக் கடைகளுக்கு வரும் பூட்டுப்போன்கள் பெரும்பாலும் கடல் கடந்தவை. சரவணம்பட்டி, பீளமேடு வட்டாரத்து மென்பொருள்காரர்கள் ஆன்சைட் போய்த் திரும்புகையில் கொண்டு வருவன, அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் புதுசு வாங்கியதும் ஊருக்கு அனுப்பும் பழசு ஆகியவை இதிலடங்கும். இவற்றின் பூர்வீகத்தையும் ஆண்டையும் அறிவது பயன் தரும். கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டிய போன் விற்பனைக்கு முடிவு கட்டின. அமெரிக்காவில் வழக்கம் தொடர்கிறது. பூட்டைத் திறப்பது குற்றமல்ல என்று அங்கே 2014இல் சட்டம் வந்தது, பூட்டக் கூடாது என்று வரவில்லை.

கொங்கு மண்ணில் பழைய சரக்கு வாங்கும் கலை மாட்டுச் சந்தையில் பயின்றது. பொள்ளாச்சியிலும் கண்ணபுரத்திலும் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அதே கண் போனுக்கும் வந்திருக்கிறது. நான்கு மூலையிலும் அடி பட்டிருக்கிறதா, டிஸ்ப்ளே மாற்றியதா, பேட்டரி எத்தனை சதவீதம், பில்லும் பாக்ஸும் உண்டா என்று பார்ப்பதில் காந்திபுரத்து வாடிக்கையாளரை ஏய்ப்பது கடினம். ஆனால் பழைய எசமான் குரலுக்கு மட்டும் நடக்கிற காளையைப் பல் காட்டிக் கொடுக்காது. நுகத்தடியில் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். பூட்டுப்போன் இவ்வகைக் காளை. உடம்பைப் பார்த்தே பழகிய மரபு இங்கேதான் சறுக்குகிறது.

கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய சந்துகளில் நிகழும் உரையாடலின் பொது வடிவம் வருமாறு:

“ஏனுங்ணா, எந்தச் சிம் போட்டாலும் எடுக்குங்ளா?”

“வைஃபைல எல்லாமே ஓடுமுங்க.”

“ஜியோ எடுக்குங்ளா?”

“நேத்துக்கூட ஒருத்தரு ஏர்டெல் போட்டுப் பார்த்தாருங்க.”

பார்த்தார் என்பதற்கு மேல் அங்கே எதுவும் சொல்லப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு விடைகளும் மெய்யே. கேட்ட கேள்விக்கு உரியவை அல்ல, அவ்வளவே. கூடவே வரும் ‘ங்க’ எத்தனை ஆனாலும் விலையில் ஒன்றும் குறைவதில்லை.

சோதிக்கும் முறை எளிது, கூச்சம்தான் இடைஞ்சல். வாங்குபவர் தம் சிம்மைத் தாமே கழற்றிப் போட்டு, கடைக்குள் நின்றபடியே ஓர் அழைப்புப் போட வேண்டும். சிம் பின் இல்லையென்று கடைக்காரர் சொன்னால் ஊக்கு போதும். ஐபோனாயின் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் வரை போய்க் கீழே தள்ளினால் ‘கேரியர் லாக்’ என்ற வரி வரும். எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருப்பதே நலம். ஆண்ட்ராய்டு போன் பூட்டியிருந்தால், அந்நியச் சிம்மைக் கண்டதும் பெரும்பாலும் திறக்கும் எண்ணைக் கேட்கும்.

கடைக்காரர் சிம்மில் டவர் நன்றாக எடுக்கிறது என்பது சான்றாகாது. அந்தச் சிம்மை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகில் நகத்தை விட மெல்லிய ஒரு தகடு ஒட்டியிருந்தால் அது ஆர்-சிம், அல்லது டர்போ சிம். சிம்முக்கும் போனுக்கும் நடுவே உட்கார்ந்து, பழைய நிறுவனத்தின் சிம்தான் வந்திருக்கிறது என்று போனை நம்பவைப்பது அதன் வேலை. மென்பொருள் புதுப்பித்தால் அந்த நம்பிக்கை கலைந்துபோவதுண்டு. ஆகவே “அப்டேட் மட்டும் போட்ராதீங்க” என்ற அறிவுரை கடையில் கிடைக்குமாயின், அதை அன்பாகக் கொள்ளாமல் நோய்க்குறியாகக் கொள்வதே முறை. ஐபோன் 14 முதலான அமெரிக்கப் பதிப்புகள் பலவற்றில் சிம் நுழைய வாயே கிடையாது. இ-சிம்மாக மாற்றித்தான் சோதிக்க வேண்டும். அது முடியும்வரை கடைக்காரரின் பொறுமை நீடிப்பது அரிது.

இன்னொரு சோதனையும் வழக்கில் உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே, ஒய், எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இட்டு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். இந்தியாவில் முடக்கிய எண்ணா, போலி எண்ணா என்பதை அது சொல்லும். களவு மாடா என்பதற்கு விடை கிடைக்கும். ஏர் இழுக்குமா என்பதற்குக் கிடைக்காது. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர், படித்தவர்களில் மிகுதி.

வாங்கிய பின் தெரியவரும் பூட்டுக்கு முறையான சிகிச்சை ஒன்றே: பூட்டிய நிறுவனமே திறக்க வேண்டும். அதற்குத் தவணை முழுதும் கட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் முதல் உரிமையாளரே கேட்கவும் வேண்டும். அவர் இருக்கும் ஊரில் அப்போது நள்ளிரவாக இருக்கும். காசு வாங்கிக்கொண்டு ‘சர்வர் அன்லாக்’ செய்து தருவோரும் உண்டு. திறந்தால் சரி, திறக்காவிட்டால் காசு திரும்புவது ஆளைப் பொறுத்தது.

எதற்கும் மசியாத போன் வீட்டிலேயே தங்கிவிடும். வைஃபையில் குழந்தைகளுக்கு யூடியூப் காட்டும், ஓ.டி.பி.யை வேறொரு போனில் வாங்கிக்கொண்டால் வாட்ஸப்பும் ஓடும். திரை உடைந்த நாளில் உதிரிக்குப் போகும். கடையில் கழற்றும்போது கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனியே விலை போடுவார்கள். பூட்டு இருக்கும் போர்டை மட்டும் தராசில் வைப்பார்கள்.