துரைமாருக்கு ஒரு வாழ்த்து

கறியைக் குறைத்தால் பூமியின் சூடு குறையும் என்று உலகம் இப்போதுதான் பேசுகிறது. மனிதரால் வெளியாகும் வெப்பவாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பில் பிறப்பதாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2013இல் கணக்குச் சொன்னது. மாடு ஏப்பமிடும்போது வெளிவரும் மீத்தேனும் தீவனத்துக்காக வெட்டிய காடும் அதில் அடக்கம். பதுளைத் தோட்டங்களில் நீங்களோ தொழிலாளரின் இந்தக் கறியில்லா விரதத்தை ஒன்றரை நூற்றாண்டாக நடத்தி வருகிறீர்கள், துரைமாரே! சம்பளம் நிர்ணயிக்கும் ஐயாமாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாழ்த்து.

என்ன கெட்டித்தனம்! பிரசாரமில்லை, நோட்டீசில்லை. 2021இல் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கினீர்கள். அடுத்த வருஷமே ஒரு கிலோ கோழி அந்த ஆயிரத்தைத் தாண்டிப் போனது. விரதம் கலையவில்லை.

பசறைப் பக்கத்து மலையில் மத்தியானம் ஒரு அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிறாள். இடுப்புப் படங்கு இன்னும் காயவில்லை. துணியை அவிழ்த்தால் விடியலில் சுட்ட ரொட்டி இறுகிக் கிடக்கிறது. ஓரத்தில் மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த சம்பல். மாசி கூட இல்லை. பாதி ரொட்டியை மறுபடி முடிந்து வைக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு. கொழுந்து கிலோ குறைந்தால் இன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். இவளை விடக் குறைவாகப் பூமியைச் சுட்டவர் யார்? இப்படி ஒருத்தியை உருவாக்கியது நீங்களல்லவா!

தீபாவளிக்கு மட்டும் லயத்தில் கோழி மணக்கும். அதற்கும் முற்பணம் தந்து, மாதாமாதம் கழித்துக்கொள்கிறீர்கள். ஒரு நாள் தின்ற கறியைப் பல மாதம் மறக்கவிடாத பெரிய மனசு.

2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டங்களில் 32. கறி மட்டுமா, முட்டையும் பாலும் எட்டாமல் காத்து வருகிறீர்கள். தின்று சலித்த மேசைகள் குறைக்க வேண்டியதை எல்லாம் இந்தப் பிள்ளைகளின் எலும்பிலேயே குறைத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

பூமி சூடேற ஏற மழையும் மூர்க்கமாகக் கொட்டுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான மண் என்று முன்பே எச்சரித்திருந்த இடம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. மண்ணுக்கு ஒரு கெடுதலும் செய்யாத சனத்தை அந்த மண்ணிலேயே விட்டுவைத்த புண்ணியமும் உங்களுக்கே சேரட்டும்.